ஹிலோவிலிருந்து வந்த வட்டம்

ஹிலோ
1960 ஜூலை 14

மகள் மிசுவேக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மழை சௌக்கியமாகப் பெய்துகொண்டிருக்கிறது, நானும் அதற்குக் குறைவில்லாமல் இருக்கிறேன். ஹோனலூலு வெயிலில் நீ குடை பிடித்து நடக்கிறாயா, உன் இருமல் போய்விட்டதா?

அம்மாவின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்து நீ விமானம் ஏறியதும் நேராக வேலைக்குப் போய்விட்டேன். மீன் ஏலக்கூடத்தின் கூரையைப் பாதிதான் வேய்ந்திருக்கிறார்கள். பனிக்கட்டி அள்ள அது போதும். குடியிருப்பது மனுவேல் வீட்டுப் பின்னறையில்தான். இருபது வருஷம் என்னோடு பனிக்கட்டி அள்ளியவன் இப்போது எனக்கு வீட்டுக்காரனாகவும் ஆகிவிட்டான். அவன் மனைவி ஒலிந்தா தினமும் பீன்ஸ் சூப் ஊற்றுகிறாள். முப்பத்து நாலு வருஷம் மீன் சூப்பு குடித்த வயிறு அதைப் பார்த்துத் திகைக்கிறது. இருந்தாலும் குடித்துவிடுகிறேன்.

நம் தெரு இருந்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. மே மாதம் ராட்சச அலை வந்து துடைத்துப் போன இடத்தில் ஜூலையில் இவ்வளவு பச்சை வருமென்று நான் நினைக்கவில்லை. சாயங்காலங்களில் அங்கே ஒரு நடை போய் வருகிறேன். ஒரு சாமான் தேடுகிறேன், முக்கியமானது ஒன்றுமில்லை.

நேற்று மத்தியானம் பனிக்கட்டி அறை வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். உன் அம்மா வந்தாள். உடுப்பின் கீழ்க்கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. அதைப் பிழிந்துகொண்டே, "என்னங்க, பேரு பதிஞ்சாச்சா?" என்று கேட்டாள். நவம்பர் தேர்தலுக்குத்தான் கேட்கிறாள். நம் தீவுகள் மாநிலமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது, நாட்டின் அதிபருக்கு முதல் ஓட்டு இந்த வருஷம்தான் என்று ஜனவரியிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை அல்லவா? முழித்துப் பார்த்தால் என் கால்சட்டைதான் நனைந்திருக்கிறது, பனிக்கட்டி உருகி.

நான் பேர் பதியப் போவதில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா, ஒகிமோத்தோ தோகுசோ


ஹோனலூலு
1960 ஜூலை 29

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது, ஓரமெல்லாம் ஈரமாக. ஹிலோ மழையையும் உறைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இருமல் போய்விட்டது. நிலப் பதிவு அலுவலகத்தில் வேலை வழக்கம்போல. யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறேன்.

பேர் பதியப் போவதில்லை என்று சும்மா எழுதிவிட்டீர்கள். அம்மா உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கச் சொல்லிக்கொடுக்க எத்தனை வருஷம் பட்ட பாடு அப்பா! ஆறு வருஷம் முன்னால் நீங்கள் இருவரும் குடியுரிமை வாங்கப் போனபோது, அதிபர்கள் பெயரை அம்மா மீன் செதில் சுரண்டிக்கொண்டே மனப்பாடம் செய்தாள். அந்தப் பட்டியலில் இருபதாவது ஆள் வரும்போது செதில் பறந்து என் மூக்கில் ஒட்டிக்கொண்டது எனக்கு இன்னும் ஞாபகம். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் நீங்கள் சரியாக எழுதிய வார்த்தைக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவாள். கீழிருந்து தொடங்கி, முடிகிற இடத்தில் நத்தை மாதிரி உள்ளே ஒரு சுழி. என் பள்ளி நோட்டிலும் அதே சுழிதான். ஜப்பானில் அவள் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் அப்படிப் போடுவாராம். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறதா, அதையும் அலை கொண்டு போய்விட்டதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். காரியத்தின்போது கூட்டத்தில் கேட்க முடியவில்லை. அலை வந்த அன்றைக்கு நீங்கள் இருவரும் மேட்டுக்கு, மனுவேல் மாமா வீட்டு முற்றத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றார் மாமா. பிறகு ஏன் அம்மா மட்டும் திரும்பக் கீழே போனாள்? எதற்காகப் போனாள்?

ஒலிந்தா அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பீன்ஸில் கொஞ்சம் சோயா ஊற்றிக்கொள்ளுங்கள்.

மிசுவே


ஹிலோ
1960 செப்டம்பர் 6

மகள் மிசுவேக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. விரலில் பனிக்கட்டி வெட்டிவிட்டது, அதனால்தான். இப்போது ஆறிவிட்டது. உனக்கு ஒன்றும் இல்லையே?

நோட்டு பத்திரமாக இருக்கிறது. நான் வேலைக்கு நடுவே எழுதிப் பார்ப்பதற்காக அதைப் பனிக்கட்டி அறை அலமாரியில் வைத்திருந்தேன். கடலே வந்து ஏலக்கூடத்தைத் தலைகீழாக்கியும் அந்த அலமாரிக் கதவு திறக்கவில்லை. அட்டை மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கிறது.

சரி, கேள். நான் போய்ப் பேர் பதிந்துவிட்டேன்! உன் நச்சரிப்புக்காக அல்ல. அம்மா தினமும் மத்தியானம் வந்து உடுப்பைப் பிழிகிறாள். ஒரு மனிதன் எத்தனை நாள் நனைவது?

அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். அரசியல் சட்டத்தில் ஒரு வரியைக் காட்டிப் படிக்கச் சொன்னாள். மனுவேல் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, மெதுவா படிங்க, அவசரமில்ல."

"அவசரப்பட்டா மட்டும் என்னால முடியுமாம்மா?"

படித்தேன். ஒரு வார்த்தை கல் மாதிரி நின்றது. அதையும் உருட்டித் தள்ளிவிட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். வெளியே வந்ததும் மனுவேல், "நான் இங்கயே பொறந்தவன், எனக்கே அந்த வார்த்தை வாயில நுழையாது. நீ எப்படிய்யா சொன்ன?" என்றான். அந்த வார்த்தைக்கு என் நோட்டில் மூன்று வட்டம் இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் நிக்சனுக்குப் போடுவதாக இருக்கிறேன். எட்டு வருஷம் துணை அதிபராக இருந்தவர், முகத்தைப் பார்த்தாலே சரியாகத் தூங்காத ஆள் என்று தெரிகிறது. தூங்காதவன் வேலை செய்வான். உன் அம்மா கென்னடிதான் என்பாள். யுத்தத்தில் அவர் படகு இரண்டாகப் பிளந்து, காயம்பட்டவனைப் பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டு மணிக்கணக்காக நீந்திக் கரை சேர்ந்தாராமே. "கடல் திருப்பி அனுப்புன ஆளுங்க. அவருக்குத்தான் என் ஓட்டு" என்பாள். இதற்காக நாங்கள் இரண்டு வேளை பேசாமல்கூட இருந்திருக்கிறோம்.

இஞ்சிப் பூ பூத்துவிட்டது. நம் தெருப் புல்லுக்குள்ளும் எங்கிருந்தோ ஒன்று.

அப்பா


ஹோனலூலு
1960 செப்டம்பர் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

விரல் ஆறியதில் சந்தோஷம். நான் சௌக்கியம்.

பேர் பதிந்ததற்கு என்னிடமிருந்து ஒரு வட்டம். ஆனால் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பனிக்கட்டி, மனுவேல் மாமா, நிக்சன் தூங்காதது, இஞ்சிப் பூ எல்லாம் இருக்கிறது. நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. அம்மா எனக்கும் அம்மாதான் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். எனக்குக் கோபம் அப்பா, மறைப்பானேன்?

இனிமேல் கேட்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிசுவே


ஹிலோ
1960 நவம்பர் 11

மகள் மிசுவேக்கு,

உன் உடம்பு நலமா? கோபம் நலமா? இரண்டும் குறையாமல் இருக்கும் என்று தெரியும். கோபம் அம்மாவின் சீதனம்.

செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டேன். மனுவேலின் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன், கை இரண்டும் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனோம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஹிலோவில் வருஷத்துக்கு நாலைந்து நாள் வருமே, காற்றே பால் கலந்த மாதிரி இருக்கும் நாள், அப்படி. வரிசையில் முன்னால் நின்றவர்களின் தோள்கள் மூடுபனியில் பாதி கரைந்திருந்தன. ஒரு தோள் உன் அம்மாவுடையதாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. உன் அப்பனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்துவிடாதே.

மேசையில் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். பட்டியலில் விரலை ஓட்டி, சரி போங்கள் என்றார்கள். அவ்வளவுதான். வேறு எந்தக் காகிதமும் யாரும் கேட்கவில்லை. மிசுவே, யாரும் கேட்கவே இல்லை.

திரைக்குள்ளே ஈர மர வாசனை. சீட்டை விரித்து நிக்சன் பெயரைப் படித்தேன். கென்னடி பெயரையும் படித்தேன். பென்சில் நிக்சன் பக்கம்தான் போனது. அப்போது என் செருப்புக்குப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உடுப்பைப் பிழிகிற சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி, சரி, உன் ஆளுக்கே போடுறேன், சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, அவள் சொல்லிக்கொடுத்தபடியே நிதானமாகக் குறி போட்டேன். வெளியே வந்தபோது மனுவேல், "உள்ள யார்கிட்டய்யா பேசிக்கிட்டிருந்த?" என்றான். அவனும் கென்னடிக்குத்தான், இரண்டு பேரும் மாதாகோவிலுக்குப் போகிறவர்கள், அவன் வேறு யாருக்குப் போடுவான்?

ஆக என் ஓட்டு அவளுடைய ஓட்டு. முப்பத்து நாலு வருஷத்தில் அவள் சொன்னதை நான் முழுசாகக் கேட்டது இது ஒன்றுதான்.

நாடு முழுக்க கென்னடி ஜெயித்துவிட்டார் என்கிறது ரேடியோ. ஆனால் நம் மாநிலத்தில் முதலில் அவர் தொண்ணூற்று இரண்டு ஓட்டு முன்னால் என்றது. பிறகு கூட்டலில் தப்பாம், நிக்சன் நூற்று நாற்பத்தொன்று முன்னால் என்கிறது. ஒரு மாநிலம் இப்படியா ஊசலாடும்? உன் அம்மா தோற்றுப்போவதில் எனக்குச் சம்மதமில்லை.

அப்பா


ஹோனலூலு
1960 டிசம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கோபம் பாதிக்குமேல் போய்விட்டது.

உங்களுக்கு ஒரு செய்தி. மாநிலத்தின் ஓட்டுகளை மறுபடி எண்ண நீதிமன்றம் உத்தரவு போட்டிருப்பது தெரிந்திருக்கும். எண்ணுவதற்கு அலுவலகங்களிலிருந்து எழுத்தர்களைக் கேட்டார்கள். எங்களில் மூன்று பேர். அதில் நானும் ஒருத்தி! கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். இவருக்கு அவருக்கு என்று பாராமல், உள்ளதை உள்ளபடி எண்ணுவேன் என்று.

நீளமான கூடம், நிறைய மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் எண்ணுகிறவர்கள், இரண்டு கட்சி வக்கீல்கள், ஒரு தலைவி. எங்கள் மேசைத் தலைவி திருமதி நாஹோவா. மௌயி தீவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், தும்மினால்கூட அனுமதி கேட்டுவிட்டுத்தான் தும்ம வேண்டும். ஜன்னல் வழியாக ஏதோ சின்ன வெள்ளைப் பூ உதிர்ந்து மேசை மேல் விழுகிறது. நாள் முழுக்கச் சீட்டு, சீட்டு, சீட்டு. கண்ணை மூடினால் சீட்டுகள் அலை அலையாக மேலே வருகின்றன.

மக்கள் என்னென்ன செய்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஒருவர் கட்டத்துக்குள் தன் கையெழுத்தையே போட்டிருக்கிறார். ஒருவர் இரண்டு பேருக்கும் குறி போட்டு, "இருவரும் நல்லவர்களே" என்று எழுதியிருக்கிறார். சட்டப்படி பெருக்கல் குறி மட்டும்தான் ஓட்டு. இரண்டு கோடுகள் கட்டத்துக்குள் வெட்டிக்கொள்ள வேண்டும். வேறு எதைப் போட்டாலும், எவ்வளவு அழகாகப் போட்டாலும் செல்லாது. அவை தனிக் கட்டாகப் போய்விடும். பாவம், அவர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள்!

மற்றத் தீவுகளின் பெட்டிகளும் கப்பலில் வருகின்றன. ஹிலோ பெட்டி என் மேசைக்கு வந்தால் உங்கள் பெருக்கல் குறிக்கு ஒரு வணக்கம் வைக்கிறேன்.

மிசுவே


ஹிலோ
1960 டிசம்பர் 19

மகள் மிசுவேக்கு,

நலம். மழை. உனக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

ஹிலோ பெட்டிகள் வந்துவிட்டனவா? செல்லாத சீட்டுகளை என்ன செய்வார்கள்? எரித்துவிடுவார்களா, குப்பையில் போடுவார்களா? மனுவேல் கேட்கச் சொன்னான். அவனுக்கு இதிலெல்லாம் ஆர்வம் அதிகம்.

இரண்டு நாளாக அம்மா வரவில்லை. மத்தியானம் பெட்டி மேல் உட்கார்ந்து பார்க்கிறேன். தூக்கம்தான் வருகிறது.

அப்பா


ஹோனலூலு
1960 டிசம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

செல்லாத சீட்டுகளை யாரும் எரிப்பதில்லை, குப்பையிலும் போடுவதில்லை என்று மனுவேல் மாமாவிடம் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, முத்திரை வைத்து, நீதிமன்றத்தில் பத்திரப்படுத்துகிறார்கள்.

ஹிலோ பெட்டிகள் செவ்வாய்க்கிழமை எண்ணி முடித்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மத்தியானம் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது, திருமதி நாஹோவா தண்ணீர் கொடுத்தார். வெயில்தான் காரணம்.

கென்னடி ஏறிக்கொண்டே வருகிறார் என்று பேச்சு. அம்மா ஜெயிப்பாள் அப்பா. நிம்மதியாகத் தூங்குங்கள்.

மிசுவே


ஹிலோ
1961 ஜனவரி 3

மகள் மிசுவேக்கு,

புது வருஷத்தில் உனக்கு நோய் நொடி அண்டாதிருக்கட்டும். ஒலிந்தா எனக்காக நம் வழக்கப்படி புது வருஷத்து அரிசி உருண்டை சூப்பு வைக்க முயன்றாள். அதிலும் பீன்ஸ் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு கிண்ணம் குடித்தேன்.

நீதிமன்றம் முடிவு சொன்னதை ரேடியோவில் கேட்டோம். நம் மாநிலம் கென்னடிக்கு, நூற்றுப் பதினைந்து ஓட்டு வித்தியாசத்தில். மனுவேல் என்னைத் தூக்கிச் சுற்றினான். "உன் ஓட்டும் இதுல இருக்குய்யா, அவளோட ஓட்டும் இருக்கு!" என்று கத்தினான்.

இல்லை மிசுவே. உன் டிசம்பர் பதினாலாம் தேதிக் கடிதத்தைப் படித்த அன்றே தெரிந்துவிட்டது. நான் பெருக்கல் குறி போடவில்லை, வட்டம் போட்டேன். சீட்டில் என்ன போட வேண்டும் என்று அச்சடித்திருந்ததாம், நான் பெயர்களை மட்டும்தான் படித்தேன். சரியானதுக்கு வட்டம் போடுவார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். அதைத்தான் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மனுவேல் கேட்டான் என்று எழுதியது பொய், கேட்டது நான்தான். உனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். எழுத ஒன்றுமில்லை என்று நீ எழுதி நான் பார்த்ததே இல்லை.

பொய்யைச் சொல்லியாகிவிட்டது, மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீ ஜூலையில் கேட்ட கேள்விக்குப் பதில்.

அன்று சைரன் ஊதியதும் மனுவேல் முற்றத்துக்கு ஏறிவிட்டோம். நேரமாகியும் அலை வரவில்லை. பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், ஒன்றுமில்லையாம் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். உன் அம்மா நவம்பரில் கென்னடிக்குப் போடுவதைப் பற்றி ஆரம்பித்தாள். நான் அவளைச் சீண்டினேன். "உன் குடியுரிமைக் காகிதம் டப்பாவோட கீழ வீட்டுலல்ல கிடக்கு? அது நனைஞ்சா உன்னை எவன் ஓட்டுப் போட விடுவான்? அன்னிக்கு நான் மட்டும் போயி நிக்சனுக்குப் போட்டுட்டு வரேன், நீ அரிசி கழுவு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். பிறகு அவளைக் காணவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. அந்தத் தகர டப்பாவைத்தான் சாயங்காலங்களில் புல்லுக்குள் தேடினேன். கிடைக்கவில்லை. நவம்பரில் மேசையில் பெயரை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பினார்களே, அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காகிதமே வேண்டாம் மிசுவே. அதைச் சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். அவள் ஓட்டையாவது போட்டுவிடலாம் என்று போனேன், அதையும் கெடுத்துவிட்டேன்.

உனக்கு எழுத வேறொன்றும் என்னிடம் இல்லை. பதில் எழுதாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன்.

அப்பா


ஹோனலூலு
1961 ஜனவரி 7

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலையில் கிடைத்தது. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். கடற்கரையில் போய் உட்கார்ந்து வேண்டுமட்டும் அழுதேன். இப்போது நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருந்தாக வேண்டும், அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். முப்பத்து நாலு வருஷத்தில் அம்மா நீங்கள் சொன்னதைக் கேட்டு எதையாவது செய்த ஒரே ஒரு நாளைச் சொல்லுங்கள் பார்க்கலாம். மழை வரும் போகாதே என்றால் போவாள். உப்பு போதும் என்றால் இன்னொரு கரண்டி போடுவாள். நீங்கள் சீண்டியிருக்காவிட்டாலும் அந்த டப்பா நினைவு வந்த நிமிஷம் அவள் இறங்கிப் போயிருப்பாள். அந்தக் காகிதத்தை அவள் எப்படித் துணியில் சுற்றி வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஏழு மாதம் இதைத் தனியாகச் சுமந்ததற்காக.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஹிலோவின் மேட்டுப் பள்ளிக்கூடப் பெட்டி எங்கள் மேசைக்குத்தான் வந்தது. முந்நூற்றுச் சொச்சம் சீட்டு தாண்டியிருக்கும். ஒன்றை விரித்தேன். கென்னடி கட்டத்துக்குள் அம்மா இருந்தாள் அப்பா. கீழிருந்து தொடங்கி, உள்ளே ஒரு சுழி. ஒரு கணம் நிஜமாகவே அம்மாதான் வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது, அவள் சொல்லிக்கொடுத்தபடியே போட்டேன் என்று. சீட்டை எந்தக் கட்டிலும் வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். திருமதி நாஹோவா சீட்டை என் கையிலிருந்து வாங்கினார்.

"இது என்ன குறி?"

நான் சத்தியம் செய்தவள், உங்கள் மகள் வேறு. பேசலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஆனாலும் வாய் பேசிவிட்டது.

"சரின்னு அர்த்தம்மா. ஜப்பான்காரங்க வீட்டுல சரியான விடைக்கு இப்படித்தான் போடுவாங்க."

கென்னடி வக்கீல் துள்ளினார். "பாத்தீங்களா? யாருக்குப் போட்டிருக்காங்கன்னு இதைவிடத் தெளிவா எப்படிங்க சொல்ல முடியும்?"

நிக்சன் வக்கீல் என்னைப் பார்த்தார். குரலில் கடுமையே இல்லை. "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்கம்மா போடுவாங்க" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

திருமதி நாஹோவா சீட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். இரண்டு வக்கீல்களும் அவருக்குப் பின்னால் போனார்கள். பக்கத்து மேசைக்காரர்களும் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். அந்தக் கூடத்தில் எண்ணும் முணுமுணுப்பு ஒரு நாளும் நின்றதில்லை, அப்போது நின்றது. வெயிலில் காகிதம் ஊடுருவித் தெரிந்தது. வட்டம் காற்றில் தனியாக நிற்கிற மாதிரி இருந்தது. எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள்.

"யாரோ ரொம்ப ஆசையா போட்டிருக்காங்க" என்றார் திருமதி நாஹோவா. பிறகு மேசைக்கு வந்து, "சட்டத்துல பெருக்கல் குறின்னுதான் இருக்கு. நான் வாத்தியாரா இருந்தவ, எனக்கே இதைத் தள்ள மனசு வரல. ஆனா தள்ளித்தான் ஆகணும்" என்று தனிக் கட்டில் வைத்தார். கென்னடி வக்கீல்கூட மறுத்துப் பேசவில்லை. நிக்சன் வக்கீல் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்போதுதான் தலை சுற்றியது.

அதனால் அப்பா, நூற்றுப் பதினைந்தில் அம்மா இல்லை, அது உண்மை. ஆனால் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் சீட்டுகள். அத்தனையையும் எண்ணி எண்ணி ஒதுக்கினோம், எதையும் யாரும் நின்று பார்க்கவில்லை. அம்மாவினுடையதைத்தான் இரண்டு கட்சிக்காரர்களும் வேலையை நிறுத்திவிட்டுச் சேர்ந்து நின்று பார்த்தார்கள். அது எண் போட்டு, முத்திரை வைத்து, நீதிமன்றத்துப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. எந்த அலையும் அவ்வளவு தூரம் ஏறாது.

வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன். இரண்டு வாரம் இருப்பேன், பீன்ஸுக்கு நான் பொறுப்பு. சாயங்காலம் புல்வெளிக்கு நானும் வருகிறேன். டப்பாவைத் தேட அல்ல, சும்மா நடக்க. நோட்டை எடுத்து வையுங்கள், நான் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அன்றைக்கு நடந்ததை நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒன்று போட்டிருக்கிறேன். கீழிருந்து தொடங்கினேன், சுழி கொஞ்சம் கோணிவிட்டது. அம்மா போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிசுவே